நான் வென்ற விவாதம் பிழையானது

போன வருடம் எங்கள் தமிழ் இலக்கிய மன்றத்தில் ஒரு விவாதம் நடந்தது. "கணினி விளையாட்டுகள் இளைய தலைமுறையைச் சீரழிக்கின்றன" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எங்கள் அணிக்கு "ஆம்" என்ற பக்கம் விழுந்தது. தொகுப்புரை என்னுடையது. கண் கெடுகிறது, கல்வி கெடுகிறது, தொழுகை தவறுகிறது, துப்பாக்கி பிடிக்கப் பழகுகிறார்கள் என்று அடுக்கினேன். மண்டபம் கைதட்டியது. நடுவர்களாக இருந்த டீச்சர்மார் மூவரும் எங்களுக்கே வெற்றியைத் தந்தார்கள்.

அன்று நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. யட்டியாந்தோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில், விடுமுறை நாட்களில், நான் வருடக்கணக்காக அந்த விளையாட்டுகளை விளையாடி வருகிறேன். எதிரணியில் பேசிய தங்கச்சிக்கோ ஒரு விளையாட்டின் பெயர்கூடத் தெரியாது. "கைக்கும் கண்ணுக்கும் ஒருங்கிணைப்பு வளரும்" என்பதையே இரண்டு தரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தெரிந்தவள் எதிர்த்துப் பேசினாள், தெரியாதவள் ஆதரித்துப் பேசினாள். அப்படி ஒரு விவாதத்தில் எவர் வென்றால்தான் என்ன? அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை இந்த மலரில் எழுதுகிறேன்.

எங்கள் மாமா யட்டியாந்தோட்டை நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோக்கொப்பி, தொலைபேசி ரீலோட், பின்னால் திரை மறைவில் நான்கு கணினிகள். பாடசாலை விட்டதும் பையன்கள் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து அங்கே விளையாடுவார்கள். எல்லோர் கையிலும் ஸ்மார்ட் போன் வந்த பிறகு கடை ஓடவில்லை. மூடியபோது ஒரு கணினி எங்கள் வீட்டுக்கு வந்தது. அது நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம். கணினியோடு ஒரு பிஸ்கட் டின் நிறைய சீடிகளும் வந்தன.

கணினி வீட்டுக்குப் பொது என்றார் வாப்பா. நாற்காலி மட்டும் நானாவுடையது. நான் பக்கத்தில் முக்காலியில் இருந்து பார்ப்பேன். "ஒனக்கு இது வெளங்காது தங்கச்சி, சும்மா பாத்துக்கொண்டிரு" என்பார். மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானா சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணிதத்தில் சித்தியடையாதபோது, குற்றம் கணினியின் மேல் விழுந்தது. உம்மா அதன் மேல் ஒரு பழைய மேசைவிரிப்பைப் போட்டு மூடினார். பிறகு நானா தேறினார், வேலைக்குக் கொழும்புக்குப் போனார். விரிப்பைக் கழற்றிவிட்டு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஐ.சி.டி. பாடம் செய்கிறாள்" என்று உம்மா நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பை நான் திருத்தவில்லை. அதுவும் என் கணக்கில் இருக்கிற ஒரு பிழை.

டின்னுக்குள் இருந்தவை எல்லாமே நான் பிறப்பதற்கு முன் வந்த விளையாட்டுகள். புதிய விளையாட்டு எதுவும் அந்தக் கணினியில் ஓடாது. ஆனால் 1999 ஆம் ஆண்டு வெளியான ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்கு 32 மெகாபைட் நினைவகம் போதும். இணையம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். எங்களைப் போன்ற ஊர்களில் பழைய விளையாட்டுகள் உயிரோடு இருப்பதற்கு முதற்காரணம் இதுதான். நகரத்தில் எறிந்த கணினியில் நாட்டுப்புறத்துப் பிள்ளை விளையாடுகிறது.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அதை ஆக்கியது. தொடக்கத்தில் வரைபடம் முழுவதும் கறுப்பு. கையில் சில கிராமவாசிகள், கொஞ்சம் உணவு, கொஞ்சம் விறகு. அவர்களை வைத்துப் பயிர் செய்து, மரம் தறித்து, பொன்னும் கல்லும் வெட்டி, கோட்டை கட்டி, அதன் பிறகே படை. படைக்கு அவசரப்பட்டவன் பட்டினி கிடப்பான். நானா எப்போதும் முதல் பத்து நிமிடத்திலேயே வாள்வீரர்களைச் சேர்த்துத் தோற்றுப்போவார். முக்காலியில் இருந்த எனக்கு ஏன் தோற்கிறார் என்று விளங்கியது. எங்கள் வீட்டில் மாத முடிவில் அரிசி, சீனி, மின்கட்டணம் என்று கணக்குப் பார்க்கும் உம்மாவின் பக்கத்தில் இருந்து வளர்ந்தவள் நான். அந்த விளையாட்டின் அரைவாசி உம்மாவின் வேலைதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். 1997 இல் வந்த முதலாம் பாகத்தில் கிராமவாசிகள் எல்லோரும் ஆண்கள். இரண்டாம் பாகத்தில் பெண்களும் வந்தார்கள். ஆணா பெண்ணா என்பது குலுக்கல் போல விழும். மரம் தறிக்கும் வேகம், கல் சுமக்கும் அளவு இரண்டிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. விடியற்காலையில் இறப்பர் மலைக்கு ஏறும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதினமல்ல. ஆனால் ஒரு விளையாட்டுக்கு இது விளங்க இரண்டு வருடமும் ஒரு புதிய பாகமும் தேவைப்பட்டன.

அதே விளையாட்டில் சலாஹுத்தீன் ஐயூபியின் கதை ஒரு தொடர் படையெடுப்பாக வருகிறது. கதையைச் சொல்பவர் அவருடைய ஆள் அல்லர், அவரிடம் சிறைப்பட்ட ஓர் ஐரோப்பிய வீரர். எதிரியாக வந்தவர், பார்க்கப் பார்க்க மதிப்புக் கூடி, அந்த மதிப்போடு கதையைச் சொல்லி முடிக்கிறார். அரபுப் படைவீரரைச் சொடுக்கினால் அரபியிலேயே பதில் சொல்வார். எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பந்திக்கு மேல் இல்லாத ஒரு மனிதரைப் பற்றி அந்தத் திரைக்குப் பிறகுதான் நான் நூலகத்தில் தேடினேன். இதே விளையாட்டுக்கு 2022 இல் ஒரு புதிய இணைப்பு வந்தது. அதில் திராவிடர் என்ற நாகரிகமும், ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் இருக்கின்றன. அந்தக் கிராமவாசிகள் தமிழில் பதில் சொல்கிறார்கள். என் கணினியில் அது ஓடாது. நானா கொழும்பிலிருந்து போனில் ஒரு காணொளி அனுப்பினார். கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. நாங்கள் பேசும் மொழியில் ஒரு விளையாட்டு பதில் சொல்லும் என்று நான் அதுவரை எண்ணியதே இல்லை.

இப்படி எல்லா விளையாட்டும் மரியாதை தந்துவிடவில்லை. அதிரடி விளையாட்டுகளுக்கு வந்தால் கதை மாறுகிறது.

டின்னில் இருந்த சீடிகளில் மிகப் பழையது பிரின்ஸ் ஒஃப் பேர்சியா. 1989 இல் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஏறக்குறையத் தனி ஆளாக எழுதிய விளையாட்டு. தன் தம்பியை ஓடவும் பாயவும் விட்டு வீடியோ எடுத்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்தபடியால்தான் அந்த இளவரசனின் ஓட்டம் இன்றைக்கும் மனித ஓட்டமாக இருக்கிறது. அறுபது நிமிடத்துக்குள் நிலவறையில் இருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். இளவரசி என்ன செய்கிறாள்? மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் காத்திருக்கிறாள். முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவளைப் பார்க்கக் கோபம் வரும்.

ஆனால் அந்த விளையாட்டிலேயே நான் மறக்க முடியாத இடமும் இருக்கிறது. ஒரு கண்ணாடியை உடைத்துப் பாயும்போது இளவரசனின் நிழல் தனியாகப் பிரிந்து போகிறது. பிறகு வழிநெடுக அது தொல்லை தருகிறது. கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கிறது. அதை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். நானா பல நாள் வெட்டி வெட்டிச் செத்தார். வழி ஒன்றுதான்: வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த நாளையக் கணினியில் இன்னொரு பாத்திரத்தை வரைய நினைவகம் இல்லாதபடியால், இளவரசனின் உருவத்தையே திருப்பிப் பாவித்து அந்த நிழலை உண்டாக்கினாராம் மெக்னர். இல்லாமையில் பிறந்த ஒரு நல்ல யோசனை. அதிரடி விளையாட்டுகள் அடிக்க மட்டுமே பழக்குகின்றன என்று மேடையில் நான் முழங்கியபோது இந்த இடம் என் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் நான் நிறுத்தவில்லை.

இனி, மேடையில் நான் சொன்னதில் சரியான பகுதி. சுடும் விளையாட்டுகளில் சுடப்படுபவர் யார்? 2007 இல் வெளியான கோல் ஒஃப் டியூட்டி நான்காம் பாகத்தில் பெயரில்லாத ஒரு மத்திய கிழக்கு நாடு வருகிறது. நாட்டுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அங்கே இருப்பவர்கள் குறியாக மட்டும் இருக்கிறார்கள். 2009 இல் வந்த அடுத்த விளையாட்டில் கராச்சி நகரம் ஒரு களம். அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகைகளை அரபியில் எழுதிவைத்திருந்தார்கள். கராச்சியில் மக்கள் எழுதுவதும் வாசிப்பதும் உருது. கோடிக்கணக்கில் செலவழித்துத் தூசியையும் புகையையும் அவ்வளவு தத்ரூபமாக வரைந்தவர்களுக்கு, அந்த ஊரில் எந்த மொழி என்று ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லை. முஸ்லிம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

எங்கள் தம்பிமார் இப்படியான விளையாட்டுகளில் நாள்தோறும் தங்களைப் போன்ற முகங்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டால் "அது கேம்தானே" என்பார்கள். நானும் விளையாடும்போது அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஒரு சிறுகதையில் எங்களை இப்படி எழுதினால் இந்த மன்றம் சும்மா இருக்குமா? விமர்சனம் எழுதியிருப்போம். விளையாட்டுக்கு ஏன் எழுதவில்லை? அதை விளையாடாதவர்கள் அறியவில்லை, விளையாடுகிறவர்கள் வாசிக்கிற கண்ணோடு பார்க்கவில்லை.

நிலைமை மாறாமலும் இல்லை. 2007 இலேயே வெளிவந்த அசாசின்ஸ் கிரீட் என்ற விளையாட்டின் நாயகன் அல்தாயிர், 1191 ஆம் ஆண்டின் டமஸ்கஸிலும் ஜெரூஸலத்திலும் நடமாடுகிறான். அதன் தயாரிப்பாளர் ஜேட் ரேமண்ட் ஒரு பெண். அதே வரிசையில் 2023 இல் வந்த மிராஜ் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் நடக்கிறது. முழுவதையும் அரபிக் குரலிலேயே கேட்டு விளையாடலாம். கேட்கும் கூட்டம் இருந்தால் ஆக்குகிறவர்கள் கவனிக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது. ஒளிந்து நகரும் விளையாட்டுகள். 1987 இல் ஜப்பானில் ஹிதேயோ கொஜிமா மெட்டல் கியர் என்ற விளையாட்டை உருவாக்கினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட கணினியில் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட முடியவில்லை. அதனால் சண்டைக்குப் பதிலாக ஒளிவதையே விளையாட்டாக்கினார். 1998 இல் வந்த தீஃப் என்ற விளையாட்டில் வெளிச்சமும் ஓசையும்தான் எதிரி. புல்லில் நடந்தால் சத்தமில்லை, கல்தரையில் நடந்தால் காவலாளி திரும்புவான். அதில் ஆகக் கடினமான நிலையைத் தேர்ந்தால் மனிதர் எவரையும் கொல்லக் கூடாது என்பது விதி. திறமை கூடக் கூட வன்முறை குறைய வேண்டும் என்று விதி வைத்த விளையாட்டும் உலகத்தில் இருக்கிறது. இதையும் நான் மேடையில் சொல்லவில்லை.

இந்த வகையில் எங்கள் டின்னில் இருந்தது கொமாண்டோஸ். ஸ்பெயின் நாட்டின் பைரோ ஸ்டூடியோஸ் 1998 இல் முதலாம் பாகத்தையும் 2001 இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. இரண்டாம் உலக யுத்தம். ஒரு சிறு குழு. எதிரி எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதைத் திரை காட்டும். அந்தப் பார்வை விலகும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் நடாஷா. குறிபார்த்துச் சுடுவதில் வல்லவள். ஆனாலும் அவளுடைய முதன்மையான ஆயுதமாக அவர்கள் கொடுத்தது அழகையும் உதட்டுச் சாயத்தையும்தான். அறைக்குள் காத்திருந்த இளவரசியை விட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்தில் ஒரு களத்தின் பெயர் குவாய் நதிப் பாலம். காட்டுக்கு நடுவே ஆறு, ஆற்றின் மேல் மரப்பாலம். அதைத் தகர்க்க வேண்டும். நானா அந்தக் களத்தைத் திறந்த அன்று, அடுப்படியில் இருந்து வந்த உம்மா திரையைப் பார்த்துவிட்டு நின்றார். "இது நம்ம கித்துல்கலதானே?" என்றார்.

உம்மா சொன்னது ஒரு வகையில் சரி. டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்த "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" என்ற ஆங்கிலப் படத்துக்காக, எங்கள் ஊரில் இருந்து ஹட்டன் வீதியால் மேலே ஏறினால் வரும் கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். ஊர்த் தொழிலாளரும் யானைகளும் சேர்ந்து எழுப்பிய மரப்பாலம். 1957 மார்ச்சில் உண்மையான ஒரு ரயிலையே ஓட்டி, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துப் படமெடுத்தார்கள். படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. அத்திவாரத்தின் மிச்சத்தைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். மட்ரிட் நகரத்து இளைஞர்கள் ஆக்கிய விளையாட்டின் பாலம், எங்கள் ஆற்றில் நின்ற பாலத்தின் பேரப்பிள்ளை. மழைக்காலத்தில் எங்கள் கடைவீதியில் எல்லோரும் எட்டிப் பார்க்கும் அதே கங்கை.

பெருமையாக இருந்தது. வகுப்பில் ஒரு தோழியிடம் சொன்னேன். அவளுடைய குடும்பம் எங்கள் ஊருக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறது. அவள் கேட்டாள்: "உண்மையான பாலத்த யாரு கட்டினது?" வெள்ளைக்காரக் கைதிகள் என்றேன். படத்தில் அப்படித்தான். விளையாட்டிலும் அப்படித்தான். அவள் பதில் சொல்லாமல் மறுநாள் ஒரு புத்தகத்தின் பெயரைத் தந்தாள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய "சயாம் மரண ரயில்" என்ற நாவல்.

அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். ஜப்பானிய இராணுவம் தாய்லாந்தில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதையை 1942, 1943 ஆம் ஆண்டுகளில் போட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல், இரண்டு இலட்சம் அளவில், ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாயர், அவர்களோடு மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குக் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

அந்தப் படத்துக்கு மூலமான பிரெஞ்சு நாவலை 1952 இல் எழுதிய பியேர் பூல், யுத்தத்துக்கு முன் மலாயாவில் இறப்பர் தோட்டத்தில் பொறியியலாளராக இருந்தவர். தமிழ்த் தொழிலாளரைப் பார்க்காமல் அங்கே ஒரு நாளும் போயிருக்காது. படமோ இறப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைகளுக்கு நடுவே எடுக்கப்பட்டது. ஆனால் ரயில் பாதையில் செத்த தோட்டத் தமிழருக்குப் படத்தில் இடமில்லை. படத்தில் இல்லாதவர்கள் விளையாட்டிலும் இல்லை. நானா அந்தக் களத்தைப் பத்துத் தரமாவது விளையாடியிருப்பார், நான் ஐந்து தரம். வரைபடத்தின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். எவர் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை. ஒரு தமிழ் நாவல்தான் அதைக் காட்டியது.

என் கருத்து இந்த இடத்தில்தான் நிற்கிறது. விளையாட்டு கெடுக்குமா கெடுக்காதா என்பது பிழையான கேள்வி. நாவலைப் போல, படத்தைப் போல, விளையாட்டும் ஒருவர் கட்டிய உலகம். அதற்குள் யார் நடக்கலாம், யார் காத்திருக்க வேண்டும், யாரைச் சுடலாம், யார் இல்லவே இல்லை என்பதையெல்லாம் யாரோ ஒரு மேசையில் இருந்து தீர்மானித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பழகுவது வாசிப்பு. இலக்கியம் படிக்கும் நாங்கள் செய்யக்கூடிய வேலை அது. விலக்கி வைத்தால் அந்த வேலையை எவரும் செய்ய மாட்டார்கள். தம்பிமார் விளையாடிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்போம்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன், மேடையில் நானே சொன்னவை அல்லவா. அவற்றில் உண்மை இருக்கிறது. ஒரு நோன்பு விடுமுறையில் அஸர் தொழுகை தவறிப்போனதை மஃரிப் பாங்கு கேட்டுத்தான் உணர்ந்தேன். அன்று எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கெடுதி தெரிந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். விளையாடுகிற எல்லோரும் நோயாளி என்று அது சொல்லவில்லை, ஆனால் எச்சரிக்கை நியாயமானது.

இங்கே பழைய விளையாட்டுக்கும் இன்றைய கைபேசி விளையாட்டுக்கும் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். டின்னில் இருந்த விளையாட்டுகளுக்கு முடிவு உண்டு. இளவரசன் வென்றால் கதை முடிந்தது. கணினியை அணைத்துவிட்டுப் போகலாம். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய நாட்களில் கணினி வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. நான் ஒன்றையும் இழக்கவில்லை, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கினேன். இன்று தம்பியின் போனில் இருக்கும் விளையாட்டுகளுக்கு முடிவு இல்லை. ஒரு நாள் வராவிட்டால் பரிசு போய்விடும் என்று பயமுறுத்தும். நல்ல உடுப்பும் ஆயுதமும் வேண்டுமானால் காசு கேட்கும். முதலாவது, முடித்துவிட்டு மூடி வைக்கக்கூடிய ஒரு புத்தகம். இரண்டாவது, வாசலை மூடவிடாத ஒரு கடை. பெற்றோர் "விளையாடுகிறாயா?" என்று மட்டும் கேட்காமல் "என்ன விளையாடுகிறாய், அது எப்போது முடியும்?" என்று கேட்டால் அரைவாசிப் பிரச்சினை தெளிந்துவிடும்.

பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்ற கேள்வியும் வரும். 1980 இல் படத்தோடு கூடிய முதலாவது சாகசக் கணினி விளையாட்டான மிஸ்டரி ஹவுஸை வடிவமைத்தவர் ரொபேர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண். 1982 இல் புகழ்பெற்ற ரிவர் ரெய்டை எழுதியவர் கரோல் ஷோ என்ற பெண். தொடக்கத்திலேயே பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு விளையாட்டு எழுத வேண்டும் என்று ஆசை. தோழியிடம் சொல்லி அவளுடைய அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன் மலையேற வேண்டும், குளிரில்தான் இறப்பர் பால் நன்றாக ஓடும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலாக வெட்டினால் பால் வராது. மழை வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை. சிரட்டை நிறைந்ததை வாளியில் சேர்த்து நிறுவைக்கு நேரத்தோடு கொண்டுபோக வேண்டும். நேரம், கை நிதானம், வானத்தின் குறிப்பு, ஒரு நாள் சம்பளம். எந்தப் பெரிய நிறுவனத்தின் விளையாட்டிலும் இல்லாத பதற்றம் இதில் இருக்கிறது. யாரையும் சுடத் தேவையில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டுக் கேட்டார், "இத யாரு புள்ள விளையாடுவா?" நான் விளையாடுவேன் என்றேன்.

கீழ் வகுப்புகளில் ஐ.சி.டி. பாடத்தில் ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருளில் பூனையை நடக்க வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா தோழிகளே? அந்தப் பூனையை நடக்க வைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு பெண்ணை மலையேற வைக்கவும் தெரியும்.

மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, அடுத்த மலரில் நூல் விமர்சனத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு விமர்சனத்துக்கும் இடம் தாருங்கள். நல்லதை நல்லது என்றும், எங்களைக் குறியாக வைத்ததை அப்படியே என்றும் எழுதுவோம். இரண்டு, அதே விவாதத்தை இன்னொரு தரம் வையுங்கள். இம்முறை சீட்டுக் குலுக்க வேண்டாம். நான் மற்றப் பக்கத்தில் பேசுகிறேன்.

உம்மாவிடம் போன மாதம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாலத்த ஒருக்கா காட்டு" என்றார். நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் முக்காலியில் இருந்தேன்.